அம்பலம் ஏறாத சொல்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில், சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் மணற்பரப்பில் உடப்பு என்ற தமிழ்க் கிராமம் அமைந்திருக்கிறது. கரைவலை இழுப்பதும், இழுக்கும்போது அம்பாப் பாடல் பாடுவதும் அவ்வூர் மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. சோழகக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் ஆடி மாதத்தில் அம்மக்கள் திரௌபதி அம்மனுக்கு விழா எடுக்கிறார்கள். விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். கிழக்கே பாண்டிருப்பிலும் இவ்வழக்கம் உண்டு. தமிழ்நாட்டின் வட மாவட்டத்துக் கிராமங்களில் இதே அம்மனின் விழாவில் சூதும் துகிலுரிதலும் விடிய விடியக் கூத்தாக ஆடப்படுகின்றன. சாத்திரம் கற்றோர் இவ்வழிபாட்டுக்குப் பல தத்துவங்களை உரைப்பர். வெளிப்படையான உண்மை வேறொன்று. உழைத்துண்ணும் மக்கள் தெய்வமாக நடுவிடத்தில் நிறுத்தியிருப்பது, சூதாட்டத்தில் கணவன் பணயமாக வைத்துத் தோற்ற ஒரு பெண்ணை.

பாரதக் கதையைப் பற்றி நம் விமரிசகர்கள் எழுதிக் குவித்தவை ஏராளம். தருமம், ஊழ், அரசுரிமை, பெண்ணுரிமை, தேச விடுதலை என்று அக்கதையில் அவர்கள் காணாத பொருள் இல்லை. 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை வெளியிட்ட பாரதி, அடிமைப்பட்ட தேசத்தையே பாஞ்சாலியின் உருவில் கண்டான் என்பது இன்று பாடசாலை மாணாக்கரும் அறிந்த செய்தி. இவை யாவும் சரியே. ஆயினும் அக்கதை சூதாட்டத்தைப் பற்றியது என்ற எளிய உண்மை இத்தனை பொருள்களுக்கும் அடியில் அமிழ்ந்துவிட்டது. சூதைச் சூதாகவே கொண்டு அக்கதையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நம் நோக்கம். அதற்கு இன்று காரணமும் உண்டு. சூதாட வேண்டுமென்றால் நாலு பேர் கூட வேண்டும், சீட்டுக்கட்டு வேண்டும், பொலிசார் கண்படாத மரநிழல் வேண்டும் என்றிருந்த காலம் போயிற்று. கையில் ஒரு தொலைபேசி இருந்தால் போதும். மீன்வாடியின் திண்ணையில் தனியே அமர்ந்தபடி எந்தத் தேசத்துக் கிரிக்கெட் ஆட்டத்தின்மீதும் பந்தயம் கட்டலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாது.

சூதாடி எதை இழக்கிறான் என்பதை நம் இலக்கியம் நன்கு அறியும். நாடு, நகர், பொன், மணி, இறுதியில் மானம் என்று அது பட்டியல் போட்டிருக்கிறது. அவனைச் சுற்றி வாழ்வோர் எதை இழக்கிறார்கள்? அவனை மீட்கப் புறப்படுவோர்க்கு நேர்வது என்ன? இக்கேள்விகளை ஏந்திக்கொண்டு நூல்களுக்குள் நுழைந்தால், பழகிய காட்சிகளும் சற்று வேறாகத் தோன்றுகின்றன.

பாஞ்சாலி சபைக்கு விடுத்த கேள்வியை எடுத்துக்கொள்வோம். கணவன் தன்னைத் தோற்ற பின் என்னைத் தோற்றானா, என்னைத் தோற்ற பின் தன்னைத் தோற்றானா என்பது அவள் கேள்வி. தன்னையே இழந்து அடிமையானவனுக்கு மற்றொருத்தியைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பது அதன் உட்பொருள். இதனைச் சட்ட நுணுக்கம் என்று வியந்து நின்றுவிடுவது நம் வழக்கம். ஆனால் அவள் கேட்பது அதனினும் அடிப்படையான ஒன்று. பணயம் என்பது ஒரு சொல். 'வைத்தேன்' என்று வாயால் உரைப்பது. அந்நிலையில் இருக்கும் ஒருவன் உரைக்கும் சொல் செல்லுமா என்று அவள் கேட்கிறாள். துரியோதனனின் தம்பியருள் விகர்ணன் ஒருவனே அவள் பக்கம் நின்று வாதாடினான். பீஷ்மரோ தருமத்தின் போக்கு நுட்பமானது என்று கூறி ஒதுங்கினார். சபையிலிருந்த மற்றவர்க்கெல்லாம் தருமனின் சொல் செல்லுபடியாக வேண்டியிருந்தது. ஏனெனில், அச்சொல் செல்லாதென்றால் வென்றவனுக்கு நட்டம்.

இங்கே ஒரு கொடுமையான முரண் புலப்படுகிறது. சூதாடியின் சொல் இருவகையாக மதிக்கப்படுகிறது. அவனிடமிருந்து பறிக்க விரும்புவோர்க்கு அவன் வாய்ச்சொல்லே சாசனம். வீட்டு உறுதியைக் கொடுத்துக் கையொப்பமிட்டான் என்றால் வட்டிக்கடைக்காரனுக்கு அக்கையொப்பம் போதும். அவனையே நம்பி வாழ வேண்டியவர்களுக்கு அதே சொல் காற்றுக்குச் சமானம். பீமன் கொதித்தெழுந்து, சூதாடிய அண்ணனின் கையை எரிக்க நெருப்புக் கொணரும்படி தம்பியை ஏவுகிறான். அந்த இடத்தைப் படிக்கும்போது நாம் பீமனின் வீரத்தை அல்லவா போற்றி வந்திருக்கிறோம்? அது வீரம் அன்று. ஒரே கலத்தில் உண்ட ஒருவனால் விற்கப்பட்ட குடும்பத்தின் கதறல் அது. அருச்சுனன் அதனை அமர்த்துகிறான். குடும்பங்களில் இவ்விருவரும் எப்போதும் உண்டு. ஒருவன் கையை எரிக்க வேண்டுமென்பான், மற்றவன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்பான். பாரதி அக்காட்சியில் தருமன்மீது இரக்கம் காட்டவில்லை. நாட்டைப் பணயம் வைத்தவனைத் தெய்வச் சிலையை விற்கும் பூசகனோடு ஒப்பிட்டான். பார்த்துக்கொண்டு வாளாவிருந்த ஊர் மக்களையும் மரங்களென்று இகழ்ந்தான். ஒப்புவமை தற்செயலானதன்று. பூசகனிடம் சிலை ஒப்படைக்கப்பட்டது. அது அவன் சொத்தன்று. சூதாடி முதலில் விற்பது தன் பொருளை. அடுத்து விற்பது பிறர் தன்னிடம் நம்பி ஒப்படைத்ததை.

இனிக் கதையின் அடுத்த கட்டம். பலரும் விரைந்து கடந்துவிடும் அவ்விடத்திலேயே நாம் சற்று நிற்க வேண்டும். வியாசரின் சபாபருவத்தில், துகிலுரிதலுக்குப் பின் அஞ்சிய திருதராட்டிரன் பாஞ்சாலிக்கு வரம் தருகிறான். முதல் வரத்தால் தருமனையும் இரண்டாவது வரத்தால் ஏனைய நால்வரையும் ஆயுதங்களோடு மீட்கிறாள் அவள். மூன்றாவது வரத்தை மறுத்துவிடுகிறாள். பின் திருதராட்டிரன் தோற்ற பொருள் அனைத்தையும் திருப்பிக் கொடுத்து அவர்களை இந்திரப்பிரத்தத்துக்கு அனுப்புகிறான். அவர்கள் வழியிற் செல்லும்போதே மறுபடியும் ஆட அழைப்பு வருகிறது. தருமன் திரும்பி வந்து ஆடுகிறான். அழிவு என்று தெரிந்தே வந்து ஆடுகிறான். பன்னிரண்டாண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அந்த இரண்டாவது ஆட்டத்தின் விளைவுகள்.

பாரதி தன் காவியத்தைச் சபதத்தோடு முடித்துக்கொண்டான். தேச விடுதலையைப் பாட வந்தவனுக்கு அதுவே தக்க முடிவு. அதில் நாம் குறை காண்பதற்கில்லை. ஆனால் சபதத்தோடு திரை விழுந்ததால் தமிழ் மாணாக்கர் பெரும்பாலார்க்கு இரண்டாவது ஆட்டம் தெரியாமலே போயிற்று. வகுப்பில் இப்பகுதியைக் கதையாகச் சொல்லி, இரண்டு வரம் பெற்றவள் மூன்றாவதை ஏன் மறுத்தாள் என்று கேட்டபோது, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, 'அந்தப் பகடையைக் கேட்டு வாங்கியிருக்கலாமே' என்றாள். உரையாசிரியர் எவரும் எழுதாத உரை அது.

இரண்டாவது ஆட்டத்தில் இருக்கிறது சங்கதி. இழந்தது முழுவதையும் திருப்பிக் கொடுத்தால் சூதாடி மீண்டுவிடுவான் என்று எண்ணுவது இயல்பே. மாமனார் கடனை அடைக்கிறார். மூத்த தமையன் வள்ளத்தை மீட்டுத் தருகிறான். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் மனைவி அடகிலிருந்த தாலியை மீட்கக் காசு அனுப்புகிறாள். கடன் தீர்ந்ததும் அவன் கையில் மறுபடியும் ஆடுவதற்கான தகுதி வந்துவிடுகிறது. உதவி என்று கொடுக்கப்பட்டது ஆட்டத்தின் அடுத்த முதலாகிறது. கொடாமல் இருந்தாலோ, வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். அடி விழுவது அவன்மீது மட்டுமன்று, பிள்ளைகள்மீதும். கொடுத்தாலும் கெடுதி, கொடாவிட்டாலும் கெடுதி என்ற இக்கட்டிற்கு நம் முன்னோரின் கதையிலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது.

திருதராட்டிரனின் கொடை ஏன் பயனற்றுப் போயிற்று என்பதற்கு மற்றொரு காரணத்தையும் மறந்துவிடலாகாது. திருப்பிக் கொடுத்தவன் யார்? ஆட்டம் நடந்த மண்டபமே அவனுடையது. முதலில் விதுரனை அனுப்பி அழைத்தவன் அவன். பொருளைத் திருப்பியவனும் அவன். இரண்டாம் அழைப்புக்கு இசைந்தவனும் அவனே. சகுனி வெறும் கைத்திறன் படைத்த ஊழியன். மண்டபம் அரசனுடையது. இவ்வாறு பார்க்கும்போது அவன் நமக்கு மிகவும் அறிமுகமானவனாகிவிடுகிறான். 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுவிடத்தில் சீட்டாடும் ஏழையைப் பிடிக்க வழி செய்தது. 1963இல் அதே தேசத்தில் தேசிய லொத்தர் சபை நிறுவப்பட்டது. 1983இல் அபிவிருத்தி லொத்தர் சபை தோன்றியது. 2010இல் கசினோ தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2025இல் சூதாட்டத்துக்கென்றே ஓர் ஒழுங்குமுறை அதிகார சபையை அமைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பல்கலைக்கழக மாணவரின் மகாபொல புலமைப்பரிசிலுக்கு லொத்தர் வருமானத்திலிருந்தும் நிதி சென்றிருக்கிறது. இவ்வேட்டைப் படிக்கும் மாணவ நண்பர்கள் இதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டாம். புலமைப்பரிசில் அவர்கள் உரிமை. ஆனால் பேருந்து நிலையத்தில் அன்றாடக் கூலியில் சீட்டு வாங்குபவன் ஒருவன் அதற்குப் பங்களித்திருக்கிறான் என்பதையும், அவன் வீட்டில் அன்றைக்கு எது குறைந்தது என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். மண்டபத்தைக் கட்டியவனே தருமம் வழங்குபவனாகவும் காட்சியளிப்பது பாரதத்தோடு முடிந்துபோன கதையன்று.

நம் கரையோரத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். சூது தீது என்பதில் அவர்களுடைய மறைகளுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் தீது எங்கே இருக்கிறது என்று சுட்டுவதில் சில நூல்கள் வியக்கத்தக்க கூர்மை காட்டுகின்றன. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மதுவையும் சூதையும் ஒன்றாக விலக்குகிறது. அவற்றின் வழியாக மனிதரிடையே பகையும் வெறுப்பும் விளைவிக்கப்படுகின்றன என்று காரணமும் காட்டுகிறது. இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது. மாமியார் வெறுக்கிறாள், மனைவி துரத்துகிறாள், கடன்காரர் வந்ததும் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் இவனை யாம் அறியோம், கட்டிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுப் பழமையானது என்று கருதப்படும் அப்பாடலில் இன்றைய வீட்டுக்கூடம் அப்படியே தெரிகிறது. பௌத்தர்களின் தீக நிகாயத்திலுள்ள சிகாலோவாத சூத்திரம் இல்லறத்தான் ஒருவனுக்குப் புத்தர் கூறிய அறிவுரை. சூதாட்டத்தால் விளையும் ஆறு தீங்குகளை அது எண்ணிச் சொல்கிறது. வென்றவன் பகை தேடிக்கொள்கிறான், தோற்றவன் பொருளை நினைத்து வருந்துகிறான் என்று தொடங்கி, நான்காவதாக, சூதாடியின் சொல் சபையில் எடுபடாது என்கிறது. நண்பர் மதியார், பெண் கொடார் என்று மேலும் செல்கிறது. பொருளிழப்பு ஆறில் ஒன்றாக வந்துபோக, ஏனையவை பெரும்பாலும் மனிதர்க்கிடையிலான நம்பிக்கையைப் பற்றியனவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

வள்ளுவரிடத்திலும் இக்கூர்மை உண்டு. வெற்றியும் தூண்டில் இரையை மீன் விழுங்கியது போன்றதே என்ற அவருடைய உவமை நெய்தல் நிலத்து மாணாக்கருக்கு விளக்கவே வேண்டியதில்லை. இழக்க இழக்க அதன்மேல் காதல் பெருகும் என்று வேறொரு குறளில் அவர் சொன்னதை இன்றைய மருத்துவம் நோயின் இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சூதாட்ட நோயை மது, போதைப் பழக்கங்களின் வரிசையிற் சேர்த்தது. இழந்ததைத் துரத்தி மறுபடி ஆடுதல், ஆட்டத்தை மறைக்கப் பொய்யுரைத்தல், பண நெருக்கடியிலிருந்து தப்பப் பிறரை நம்பியிருத்தல் ஆகியவை அங்கே நோயின் அறிகுறிகளாகக் கூறப்பட்டுள்ளன. பொய்யைக் கெட்ட குணம் என்று கொண்டு தண்டிக்கும் குடும்பத்துக்கும், அறிகுறி என்று கொண்டு பார்க்கும் மருத்துவருக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. காய்ச்சல் கண்டவனின் உடல் சுடுகிறது என்பதற்காக எவரும் கோபிப்பதில்லை. ஆனால் அந்தச் சூடு பக்கத்திலிருப்பவரின் பணப்பையைத் திறந்து கொள்வதில்லை என்பதையும் மருத்துவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. சூதாடியின் சொல் சபையில் எடுபடாது என்பது புத்தர் வாக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வர்க்க உண்மை வெளிப்படும். தருமன் நாட்டைத் தோற்றான், தம்பியரைத் தோற்றான், மனைவியைத் தோற்றான். பின்னும் அவன் தருமனே. உலகம் அப்பெயரை மாற்றவில்லை. வனத்திலும் முனிவர்கள் அவனைச் சூழ்ந்திருந்து கதை சொல்கிறார்கள். விராடன் அரண்மனையில் கங்கன் என்ற பெயரில் அரசனோடு சூதாடும் தோழனாகவே அவன் ஊழியம் பெறுகிறான். கரைவலை இழுத்துப் பங்கு வாங்கும் கூலி மனிதன் ஒருவன் சம்மாட்டி தந்த முற்பணத்தைச் சீட்டாட்டத்தில் தொலைத்துவிட்டால் அடுத்த பருவத்தில் அவனுக்குக் கயிறு பிடிக்கவும் இடமில்லை. கடையில் அரிசி கடனில்லை. அவன் மனைவியின் சொல்லும், அவன் மகனின் சொல்லும் அவனோடு சேர்ந்து மதிப்பிழக்கின்றன. பெரிய இடத்துச் சூதாடி பணத்தைத் தான் இழக்கிறான். சிறிய இடத்துச் சூதாடிக்குச் சொல் ஒன்றே முதல். அதை இழந்தபின் அவனிடம் எஞ்சுவது எதுவுமில்லை.

தமிழில் 'சீட்டு' என்ற ஒரே சொல் ஆட்டத்துக்குரிய கட்டையும் லொத்தர்த் துண்டையும் மாதாமாதம் பத்துப் பேர் காசு போட்டு ஒருவர் எடுக்கும் சேமிப்பையும் குறிக்கிறது. முன்னைய இரண்டும் ஒருவன் எடுக்கப் பிறர் இழப்பவை. மூன்றாவது, கைச்சாத்தும் பிணையும் இல்லாமல், முகம் பார்த்துக் கொடுக்கும் நம்பிக்கையொன்றினால் மட்டும் நடப்பது. வங்கிக் கதவு திறவாத பெண்கள் கூரை வேய்ந்ததும் பிள்ளையைப் படிப்பித்ததும் அந்த மூன்றாவது சீட்டினாலேயே. முதலிரண்டு சீட்டுகளும் ஒரு வீட்டினுள் புகுந்தால் முதலில் முறிவது மூன்றாவது சீட்டு.

பாரதத்தின் உள்ளேயே இன்னொரு சூதாடியின் கதை இருக்கிறது. வனவாசத்தில் தன்னைப்போல் துயருற்றவன் உண்டா என்று தருமன் புலம்ப, பிருகதசுவ முனிவர் நளன் கதையை அவனுக்குச் சொல்கிறார். தமிழில் அது புகழேந்தியின் 'நளவெண்பா'வாயிற்று. சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்ற பகுப்பே கதையின் நோக்கைச் சொல்லிவிடுகிறது. கலி பிடித்தது, ஆடினான். கலி விட்டது, மீண்டான். சூதாடிக்கும் அவன் குடும்பத்துக்கும் இது இனிய விளக்கம். அவனைப் பிடித்த பிசாசு ஒன்று உண்டு, அவன் நல்லவனே என்று நம்பலாம். பிறர்க்குரியதைப் பறித்தவன் யார், ஆட்டத்தால் இலாபம் அடைந்தவன் யார் என்ற கேள்விகள் அத்துடன் மறைந்துவிடும்.

நாம் இங்கே பாராட்ட விரும்புவது தமயந்தியை. வெண்பாவின் இனிமையில் மயங்கி அன்னத்தின் தூதையும் மாலைக்கால வருணனையையும் பாடம் நடத்தும் நாம் அவளுடைய அறிவை எடுத்துச் சொல்வதில்லை. வியாசரின் வனபருவத்தில், நளன் ஆட்டத்தில் அமிழ்ந்துகிடக்கும்போதே அவள் அமைச்சரை அழைத்து அவனைத் தடுக்க முயல்கிறாள்; முடியாதென்று கண்டதும், நாடு முற்றாகப் போவதற்கு முன்பே, பிள்ளைகள் இருவரையும் தேர்ப்பாகனுடன் விதர்ப்பத்துக்குத் தன் பெற்றோரிடம் அனுப்பிவிடுகிறாள். தானோ கணவனோடு காட்டுக்குச் செல்கிறாள். கணவனைக் கைவிடவில்லை, அவன் சொல்லை நம்பிப் பிள்ளைகளை அங்கே வைத்திருக்கவும் இல்லை. அன்பையும் நம்பிக்கையையும் இவ்வாறு பிரித்து வைக்க அறிந்தவள் நம் இலக்கியத்தில் வேறு எவள்? பின்னாளில் வாகுகன் என்ற உருவில் நளன் வந்தபோதும் அவள் ஓடிச் சென்று காலில் விழவில்லை. தோழியை அனுப்பி, அவன் சமைப்பதையும் பேசுவதையும் பார்த்துவரச் செய்து, பிள்ளைகளையும் அவன்முன் அனுப்பி, படிப்படியாகச் சோதித்த பின்பே ஏற்கிறாள். அதே இடத்தில் நளன், நள்ளிரவில் சேலையைக் கிழித்துக்கொண்டு அவளைக் காட்டில் விட்டோடியவன், அவள் இரண்டாம் சுயம்வரம் என்று ஏன் பறைசாற்றினாள் என்று அவளைக் குற்றம் கேட்கிறான். காற்றுக் கடவுள் வானிலிருந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பிக்கையைத் தொலைத்தவனே நம்பிக்கைக்குச் சான்று கேட்கும் இவ்வாணாதிக்க வேடிக்கையைக் கவிகள் உணர்ந்தார்களோ இல்லையோ, வாசிக்கும் பெண்கள் உணராமல் இருக்கமாட்டார்கள்.

கதையின் முடிவு நம்மை மேலும் இடறச் செய்கிறது. இருதுபன்னனிடம் பகடையின் மறைபொருளைக் கற்றுக்கொண்ட நளன், நாடு திரும்பிப் புட்கரனை மறுபடியும் ஆட்டத்துக்கு அழைக்கிறான். வனபருவத்தில் தமயந்தியையே பணயம் வைத்து ஆடுகிறான். வெல்கிறான். மங்களம்! கதை சொன்ன முனிவரோ தருமனுக்கு ஆறுதலாக அந்தப் பகடை வித்தையையே கற்பித்துவிட்டுச் செல்கிறார். ஒவ்வொரு சூதாடியும் இரவில் கண்விழித்துக் காணும் கனவு இதுவே அல்லவா? இன்னும் ஒரேயொரு ஆட்டம், இம்முறை வித்தை தெரியும், போனதெல்லாம் வந்துவிடும். திறமையிருந்தால் அது சூதன்று என்ற வாதம் புராணத்தோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டில், இணையவழி ரம்மியால் ஏற்பட்ட தற்கொலைகளின் பின்னணியில் நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்து அறிக்கை தர, 2022இல் சட்டமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாதென்றது. இருதுபன்னனின் வித்தை வழக்கறிஞர் அங்கி அணிந்து வந்தது போலிருக்கிறது. 2025இல் இந்திய மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது.

நளன் வெல்வதுபோல் வெல்லாத ஒரு சூதாடியைக் காண நாம் ருஷ்யாவுக்குச் செல்ல வேண்டும். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'சூதாடி' 1866இல் எழுதப்பட்டது. எழுதப்பட்ட விதமே ஒரு பந்தயம். குறித்த நாளுக்குள் புதிய நாவலொன்றைத் தராவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய நூல்களை ஊதியமின்றி வெளியிடும் உரிமை தமக்கு என்று பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கி ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார். சுருக்கெழுத்து அறிந்த அன்னா என்ற இளம்பெண்ணுக்கு வாய்மொழியாகச் சொல்லி இருபத்தாறு நாட்களில் அந்நாவலை முடித்தார். அடுத்த ஆண்டு அப்பெண்ணே அவர் மனைவியானாள்.

நாவலின் இறுதிப் பகுதியில், எல்லாம் இழந்து திரியும் அலெக்ஸியை அவனுடைய ஆங்கில நண்பன் ஆஸ்ட்லி சந்திக்கிறான். ஆஸ்ட்லி சர்க்கரை ஆலையில் பங்குடையவன், செல்வன், நேர்மையானவன். நீ நேசித்த பெண் உன்னையே நேசிக்கிறாள் என்று உண்மையைச் சொல்கிறான். பின் பத்துப் பொற்காசுகளை மட்டும் கொடுக்கிறான். ஆயிரம் பவுண் கொடுக்கவும் எனக்கு விருப்பமே, ஆனால் இன்றைய நிலையில் உனக்கு ஆயிரமும் பத்தும் ஒன்றே, எப்படியும் ஆடித் தோற்பாய் என்ற பொருளில் பேசுகிறான். அளந்து கொடுத்த அந்தப் பத்துக் காசும் ஆட்டத்துக்கே போகும் என்பதை அவனும் அறிவான், நாமும் அறிவோம். உதவி செய்பவனின் அறிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது கைகொடுக்காத ஓர் எல்லை உண்டென்பதை இவ்வளவு அடக்கமாகச் சொன்ன பக்கம் உலக இலக்கியத்தில் அரிது. அலெக்ஸியோ நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணத்தோடு நிற்கிறான்.

நாவலில் இல்லாத பாத்திரம் அன்னா. 1867 கோடையில் பாடன் நகரில் கணவர் ரூலெட் சக்கரத்தில் பணத்தை இழக்க, கருவுற்றிருந்த அன்னாவின் காதணியும் திருமண மோதிரமும் உடைகளும் அடகுக்கடைக்குப் போயின. அவர் காலில் விழுந்து அழுவார், இனி ஆடேன் என்பார், அவள் எஞ்சிய காசைக் கொடுப்பாள், அவர் போவார். முதுமையில் எழுதிய நினைவு நூலில் அன்னா சாந்தமாகவே பேசுகிறாள். அன்றன்று சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பில் கசப்பும் கண்ணீரும் மறைக்கப்படவில்லை. இரண்டும் ஒரே பெண்ணின் உண்மைகள். 1871 வசந்தத்தில் வீஸ்பாடனில் இறுதியாகத் தோற்றபின் அவர் ஆடவில்லை. அன்பின் வெற்றி என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் மகிழ்கிறார்கள். நாம் ஒரு தகவலைப் பக்கத்தில் வைக்க விரும்புகிறோம்: 1872ஆம் ஆண்டின் இறுதியோடு ஜெர்மானிய அரசு அந்நாட்டுச் சூதாட்ட விடுதிகளை மூடிவிட்டது. பின்னர் மருத்துவத்துக்காக அவர் ஜெர்மனிக்குச் சென்றபோதெல்லாம் ஆடுவதற்கு அங்கே சக்கரம் இல்லை. மனம் மாறியது உண்மையாயிருக்கலாம். மண்டபம் மூடப்பட்டதும் உண்மை. அதற்கிடையில் அன்னா செய்த காரியம் ஒன்று உண்டு. ருஷ்யா திரும்பியதும் கடன்காரர்களோடு தானே பேசினாள்; கணக்கைத் தன் கைக்கு எடுத்தாள்; 1873இல் கணவரின் நாவலைப் பதிப்பாளர் எவரையும் நாடாமல் தாங்களே வெளியிட ஏற்பாடு செய்தாள். அவர் சொல்லை நம்பவேண்டிய தேவையே எழாதபடி வீட்டை நடத்தினாள்.

இத்துணை செழிப்பான மரபிருந்தும் நம் சிறுகதைகளில் வரும் சூதாடி ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறான்? பெரும்பாலும் அவன் இருவகையில் ஒருவன். கெட்டு அழிந்து நமக்குப் படிப்பினை தருபவன் ஒருவன். குழந்தையின் ஒரு துளிக் கண்ணீரில் திருந்திக் கடைசிப் பத்தியில் சீட்டுக்கட்டை அடுப்பில் எறிபவன் மற்றொருவன். முற்போக்கு எழுத்தாளர் என்று நம்மை அழைத்துக்கொள்வோர் மூன்றாவதாக ஒருவனைப் படைக்கிறோம். வறுமையினால் ஆடுகிறான், வறுமை போனால் ஆட்டம் போகும் என்று எழுதி முடிக்கிறோம். இது பாதி உண்மை. கடலை நம்பிய வாழ்வு நிச்சயமற்றது. ஒரு பாடு நிறைய வரும், ஒரு கிழமை வெறும் வலை வரும். 1990களில் நம் களப்பை அண்டி இறால் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் வெண்புள்ளி நோயினால் ஓரிரவில் ஓட்டாண்டியானதையும் இக்கரை கண்டிருக்கிறது. அதிர்ஷ்டம் என்ற சொல் இங்கே மக்கள் வாயில் அடிக்கடி வருவதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டுதான். ஆனால் அதே நிச்சயமின்மைதான் கரைவலையின் பங்கு முறையையும் தோற்றுவித்தது. வந்ததைக் கூடிப் பகிர்வது, வராத நாளைக் கூடித் தாங்குவது. வறுமையிலிருந்து சூதும் பிறந்தது, கூட்டுறவும் பிறந்தது. ஒன்று மற்றொன்றை எப்படி அரித்துத் தின்கிறது என்பதை எழுதினால் கதை பிறக்கும். பானைக்குள் காசை ஒளித்து, ஒளித்த இடத்தை மாற்றிக்கொண்டேயிருக்கும் பெண் நம் கதைகளில் எங்கே? வாசலில் நிற்கும் கடன்காரனிடம் அப்பா வீட்டில் இல்லை என்று பொய் சொல்லப் பழக்கப்பட்டு, பின் அதே வாயால் வகுப்பில் உண்மை சொல்லும்போது நம்பப்படாத சிறுவன் எங்கே?

நாம் அறிந்த ஆசிரியர் ஒருவர் உண்டு. கற்பிப்பதில் வல்லவர். ஆசிரியர் அறையில் நடந்த மாதச் சீட்டை அவரே முதலில் எடுத்தார். பின் தவணை வரவில்லை. தம்பிக்கு விபத்து, வீட்டில் களவு என்று காரணங்கள் வந்தன. தொலைபேசியிலேயே அத்தனையும் போயிற்று என்பது பிறகு தெரிந்தது. ஓராண்டு கழித்து ஒருநாள் தாயாருக்குக் கடுமையான சுகவீனம், மருந்துக்குக் காசு வேண்டும் என்று வந்து நின்றார். அறையில் இருந்தோர் கையிலிருந்த பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. அன்று அவர் சொன்னது உண்மை. அலுவலகச் சிற்றூழியர் ஒருவர், அவரிடம் எதுவும் கேளாமல், தம் சைக்கிளை எடுத்து அவரோடு வைத்தியசாலைக்குச் சென்று, துண்டை வாங்கி, மருந்துக் கடையில் தாமே காசைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது அந்த ஆசிரியரின் சம்பளம் அவருடைய ஒப்புதலோடு மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பேருந்துக் காசைக் காலையில் மகள் எண்ணிக் கொடுக்கிறாள். அவர் இன்னும் ஆடுகிறாரா என்று எவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. சென்ற மாதம் சீட்டு மறுபடியும் தொடங்கியபோது பெயர்ப் பட்டியல் அவர் மேசையைத் தாண்டிச் சென்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.